ஓதம் ஏறிய வீடு

செட்டிநாட்டில் பல வீடுகள் வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கின்றன. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இன்னும் எங்கெங்கோ இருப்பார்கள். கல்யாணம், படைப்பு என்று ஏதாவது வந்தால்தான் கதவு திறக்கும். திறந்ததும் முதலில் எதிரே வருவது வாடை. “அடைஞ்சு கிடந்த வீடுன்னா அப்படித்தான்” என்று சொல்லிக்கொண்டே ஜன்னல்களைத் திறந்துவிடுவார்கள். ஊதுபத்தி ஏற்றுவார்கள். விசேஷம் முடிந்ததும் மறுபடி பூட்டு.

வீடு அடைந்து கிடந்தது மட்டும் அந்த வாடைக்குக் காரணமல்ல. ஈரத்தில் வளரும் பூஞ்சணமும் பாக்டீரியாவும் வெளிவிடும் வேதிப்பொருள்களின் கலவை அது. காளான் வாடைக்குக் காரணமான ஒருவகை ஆல்கஹாலும், மண்வாசனை தரும் ஜியோஸ்மினும் அதில் அடக்கம். காற்றில் லட்சம் கோடியில் சில பங்கு ஜியோஸ்மின் இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். எந்தக் கருவியும் வாங்குவதற்கு முன்பே மூக்கு ஒரு சோதனையை முடித்துவிடுகிறது. வாடை இருக்கிறது, சுவரில் ஒன்றும் தெரியவில்லை என்றால் பூஞ்சணம் வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். பீரோவின் முதுகுக்குப் பின்னால், மச்சுப் பலகையின் மேல்புறத்தில், சுருட்டி வைத்த ஜமுக்காளத்துக்குள் தேட வேண்டும்.

இந்த வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரையில் எழுந்தவை. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்திய, இந்த வீடுகளுக்குச் சொந்தக்காரர்களான நகரத்தார் குடும்பங்கள் பலவற்றின் வருமானம் அறுந்தது. அதன்பின் தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிந்தது. மொட்டை மாடியில் பெயர்ந்த நாலு தட்டோட்டை மாற்ற யார் பணம் போடுவது என்பதே பேச்சுவார்த்தைக்குரிய விஷயமாயிற்று. 2014-இல் செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. சில வீடுகள் விடுதிகளாயின. இன்னும் சிலவற்றைப் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது.

பழுதுபார்க்கப் போகிறவர்கள் எதிர்பாராத ஒன்று இருக்கிறது. ஐம்பது வருஷம் யாரும் தொடாத வீட்டைவிட, நடுவில் ஒருமுறை அரைகுறையாகத் தொட்ட வீடுதான் அதிகம் கெட்டுப்போயிருக்கும். தொடாத வீட்டில் கூரை ஒழுகியிருக்கும், ஓடு சரிந்திருக்கும். சுவர் மட்டும் பெரும்பாலும் தாக்குப்பிடித்திருக்கும். “ஓதம் அடிக்குதே” என்று இடுப்பளவுக்குச் சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்த வீட்டில் ஓதம் நெஞ்சளவுக்கு ஏறியிருக்கும்.

காரணம் செங்கல்லுக்குள் இருக்கிறது. சுட்ட செங்கல்லும் காரையும் நுண்துளைகளால் ஆனவை. திரி எண்ணெயை உறிஞ்சுவதைப் போல அந்தத் துளைகள் மண்ணிலிருந்து நீரை மேலே இழுக்கின்றன. துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும். ஒரு மைக்ரான் ஆரமுள்ள துளையில், ஏட்டுக் கணக்குப்படி, நீர் 14 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். நிஜச் சுவரில் ஓதம் சாதாரணமாக ஒரு மீட்டரைச் சுற்றியே நிற்பதற்குக் காரணம், ஏறுகிற நீர் வழியிலேயே சுவரின் இரு முகங்களிலும் ஆவியாகிப் போவதுதான். மண் கொடுக்கும் நீரும் காற்று எடுக்கும் நீரும் எந்த உயரத்தில் சமமாகின்றனவோ அங்கே ஈரத்தின் கோடு விழும்.

சுண்ணாம்புக் காரை அந்த ஆவியை வெளியே விடும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்ததாகச் சொல்லப்படும் பளபளப்பான செட்டிநாட்டுப் பூச்சுக்கும் அடிப்படை சுண்ணாம்புதான். சிமென்ட் பூச்சு இறுக்கமானது. ஆவியை எளிதில் விடாது. இடுப்புவரை சிமென்ட் பூசினால் அந்த உயரம்வரை சுவர் உலரும் வழி அடைபடுகிறது. நீர் நிற்கவா போகிறது? பூச்சின் மேல் விளிம்பைத் தாண்டி, இன்னும் காரையாக இருக்கும் இடம்வரை ஏறி அங்கே ஆவியாகிறது. இரண்டு வருஷம் கழித்து வருகிற மேஸ்திரி, “இன்னும் ரெண்டடி ஏத்திப் பூசிடலாங்க” என்பார். பூசினால் ஓதமும் ரெண்டடி ஏறும்.

தண்ணீர் தனியாகவும் வருவதில்லை. மண்ணிலுள்ள சல்பேட், குளோரைடு, நைட்ரேட் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகும்போது உப்பு அங்கேயே படிகமாகிறது. சுவரின் மேற்பரப்பில் படிந்தால் வெள்ளைப் பொடியாகப் பூக்கும், துடைத்தால் போய்விடும். பூச்சுக்குப் பின்னால் படிந்தால் வேறு கதை. குறுகிய துளைக்குள் வளரும் படிகம் துளையின் சுவரை நெருக்குகிறது. மழைக்காலத்தில் கரைந்து, கோடையில் மறுபடி படிகமாகி, வருஷா வருஷம் அந்த நெருக்கல் தொடர்கிறது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் டொப்பென்று உள்ளீடற்ற சத்தம் கேட்கும். அந்த இடத்தில் உளி வைத்தால் சிமென்ட் பூச்சு பாளமாகக் கழன்று வரும். அதன் முதுகில் ஊசி ஊசியாக உப்பு, அதற்குப் பின்னால் விரல் பட்டாலே மாவாக உதிரும் செங்கல். பூச்சு உறுதியாக இருந்ததே, அதுதான் குற்றம். காரைப் பூச்சாக இருந்திருந்தால் அது முதலில் உதிர்ந்து செங்கல்லைக் காப்பாற்றியிருக்கும். பழைய கட்டடங்களில் பூச்சு தேய்வதற்கென்றே இருக்கும் பொருள்.

பூஞ்சணம் இங்கே எப்போது நுழைகிறது? அது நுழைவதே இல்லை, ஏற்கெனவே இருக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் போன்றவற்றின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் மிதக்கின்றன. வெப்பநிலை நம் ஊரில் எப்போதும் தயார். உணவுக்கும் பஞ்சமில்லை: மரம், காகிதம், துணி, பசை, பெயின்டில் உள்ள கரிமப் பொருள், சுவரில் படிந்த தூசிகூடப் போதும். தண்ணீர் ஒன்றுதான் குறை. பொருள் நனைந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. நேரடியாக நனையாவிட்டாலும், சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் போதும்.

இந்த 80 சதவீதம் அறையின் நடுவில் மாட்டிய ஈரமானி காட்டுவது அல்ல, சுவரின் தோலில் உள்ளது. இரண்டும் வேறு வேறு. மழைக்காலத்தில் வெளியே 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 27 டிகிரியில் குளிர்ந்திருக்கும் தடித்த சுவரை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே அதே காற்றின் ஈரப்பதம் 95 சதவீதத்தைத் தொடும். சொட்டுத் தண்ணீர்கூடக் கசியாத உள்ளறையில் பீரோவின் பின்னால் பச்சையும் கறுப்புமாகப் புள்ளி விழுவது இப்படித்தான். மரபு வீட்டை விடுதியாக்கி ஏ.சி. போடுகிறவர்கள் இதை இன்னும் கூர்மையாகச் சந்திக்கிறார்கள். ஏ.சி. அறையின் சுவர் 24 டிகிரிக்கு இறங்குகிறது. வெளியிலிருந்து வரும் ஈரம் சுவர் வழியே உள்ளே நகர்ந்து, ஆவியை விடாத பெயின்டின் அல்லது வினைல் தாளின் பின்புறத்தில் தங்குகிறது. அமெரிக்காவின் தென்பகுதியில், நம்மைப் போலவே புழுக்கமான ஊர்களில், விடுதிக்காரர்கள் அழகான வினைல் சுவர்த்தாளை உரித்துப் பார்த்து அதிர்ந்தது இந்தக் காரணத்தால்தான்.

ஆக, ஒரே மாதிரி தெரியும் ஈரக்கறைக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: மேலிருந்து ஒழுகல், கீழிருந்து ஓதம், காற்றிலிருந்து படிதல். வைத்தியம் மூன்றுக்கும் வேறு. கறையின் இடமே பாதி சொல்லிவிடும். தரையிலிருந்து தொடங்கி மேலே ஒரு கோட்டில் முடிந்து, கோட்டில் உப்பு பூத்திருந்தால் ஓதம். உத்தரத்துக்குக் கீழே பழுப்பு வளையங்களாக விரிந்தால் ஒழுகல். சந்தேகம் வந்தால் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விட வேண்டும். தாளின் சுவர்ப்பக்கம் நீர்த்துளி கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் கோத்தால் காற்றிலிருந்து வருகிறது. இதைச் செய்யாமல் “வாட்டர் ப்ரூஃப்” டப்பா வாங்குவது, காய்ச்சல் என்னவென்று பார்க்காமல் மாத்திரை போடுகிற வேலை.

வேலை மேலிருந்துதான் தொடங்க வேண்டும். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேர்கிறது. அது போக ஒரே ஒரு குழாய், அதன் வாயில் வேப்பிலைச் சருகு என்றால் கதை முடிந்தது. மெட்ராஸ் டெர்ரஸ் என்கிற பழைய தளம் மர உத்தரங்களின் மேல் சிறு செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதித்தது. அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். வாட்டம் சரியாக இருந்தவரை அது நூறு வருஷம் தாங்கியது. கெடுத்தவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள்: கைப்பிடிச் சுவரின் அடியில் முளைத்த அரசங்கன்று, பெயர்ந்த ஓட்டின் இடுக்கு, ஒழுகல் நிற்கட்டும் என்று மேலே போட்ட சிமென்ட் தளம். வெயிலில் சிமென்ட் விரிந்து சுருங்கி வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய நீர் திரும்பி வர வழியில்லாமல் உத்தரத்தின் தலையில் தங்கும்.

அந்த உத்தரத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்து முடிவு செய்யக் கூடாது. நடுப்பகுதி இரும்பு மாதிரி இருக்கும். சுவருக்குள் புதைந்த நுனிதான் நூறு வருஷமாக ஈரச் செங்கல்லோடு குடித்தனம் நடத்தியிருக்கிறது. ஏணி போட்டு ஏறி, சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல தேக்கு முனையை ஏற்காது; கெட்ட மரத்தில் தடையில்லாமல் இறங்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அதை உளுக்கச் செய்யும் பூஞ்சை வளராது. தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது, பின்னாலேயே கரையானும் வரும். தேக்கின் வைரம் நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். வெளிர்நிற வெளிமரத்துக்கு அந்தப் பெருமை கிடையாது. பர்மாத் தேக்கு என்பதாலேயே எல்லாம் தாங்கும் என்று நம்பிய கூரைகள் சில கீழே வந்திருக்கின்றன.

கூரைக்கு அடுத்தது வீட்டைச் சுற்றியுள்ள தரை. சுவரை ஒட்டிச் சுத்தமாக இருக்கட்டும் என்று போட்ட சிமென்ட் தளம், மண்ணின் ஈரம் அங்கே ஆவியாகும் வழியை அடைத்து அதைக் கடைக்கால் பக்கம் திருப்பிவிடுகிறது. அதை உடைத்து, ஜல்லி கொட்டி, நீர் சுவரைவிட்டு விலகி ஓட வாட்டம் கொடுத்தாலே ஓதத்தில் கணிசமான பங்கு குறையும். பிறகு சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை அப்படியே அம்மணமாக விட வேண்டும். எவ்வளவு நாள்? அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று பிரிட்டனில் பழைய கட்டடக்காரர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் சீக்கிரம் உலரும். ஆனாலும் ஒன்றரையடிச் சுவர் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. கிரகப்பிரவேச நாளைக் குறித்துவிட்டு வேலையைத் தொடங்குகிறவர்கள் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பைத்தான்.

காத்திருப்பதற்கு முன்னோடி பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. லேவியராகமம் 14-ஆம் அதிகாரம் சுவரில் பச்சையும் சிவப்புமாகக் குழி விழுந்த வீட்டை என்ன செய்வதென்று வழிமுறை சொல்கிறது. ஆசாரியர் வந்து பார்த்து வீட்டை ஏழு நாள் அடைக்க வேண்டும். படர்ந்திருந்தால் கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, கழிவை ஊருக்கு வெளியே கொட்ட வேண்டும். புதிதாகப் பூசிய பிறகும் திரும்ப வந்தால் வீட்டை இடித்துவிட வேண்டும். அது பூஞ்சணமா உப்பா என்பதில் விவாதம் இருந்தாலும், பார், பொறு, சுரண்டு, மறுபடி பார் என்கிற வரிசையில் இன்றைய கையேடுகள் பெரிதாக எதையும் மாற்றவில்லை. ஏழு நாள் அடைத்து வைப்பதை மட்டும் இன்றைக்கு யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள்.

சுரண்டுகிற நாள்தான் ஆரோக்கியத்துக்கு மோசமான நாள். உலர்ந்த பூஞ்சணத்தை அசைத்தால் வித்துகள் கூட்டம் கூட்டமாகக் காற்றில் எழும். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வதால் பயனில்லை. என்-95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை மூன்றும் வேண்டும். மற்ற அறைகளின் கதவு இடுக்கைப் பாலிதீனால் அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, சுவரில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுச் சுரண்ட வேண்டும். துடைப்பத்தால் கூட்டவே கூடாது. சித்தாள் பெண்களிடம் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் மட்டும் முகக்கவசம் போட்டுக்கொண்டு நிற்கிற காட்சிகளுக்குக் குறைவில்லை. பூஞ்சணம் சுமார் 10 சதுர அடிக்குள் இருந்தால் வீட்டார் தாங்களே சுத்தம் செய்யலாம், அதற்கு மேல் என்றால் பயிற்சி பெற்றவர்களின் யோசனை நல்லது என்கிறது அமெரிக்க முகமை.

எதைக் கொண்டு கழுவுவது? கெட்டியான பரப்பில் சோப்புத் தண்ணீரும் தேய்ப்பும் போதும். ப்ளீச்சிங் கரைசலை ஊற்றினால் கறுப்பு மறையும். ஆனால் காரைக்குள்ளும் மரத்துக்குள்ளும் ஊடுருவுவது அதிலுள்ள தண்ணீர்தான், குளோரின் மேற்பரப்பிலேயே தீர்ந்துவிடும். இறந்த பூஞ்சணமும் ஒவ்வாமையைத் தரும் என்பதால் கொன்றால் மட்டும் போதாது, அகற்ற வேண்டும். ப்ளீச்சிங் போட்ட இடத்தில் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி ஆளையே சாய்த்துவிடும். பூச வேண்டியது சுண்ணாம்பு. புதிதாய் நீற்றிய சுண்ணாம்பின் காரத்தன்மை 12-க்கு மேல்; பூஞ்சணத்தால் அங்கே குடியேற முடியாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்ல அது சுண்ணாம்புக் கல்லாக மாறும்போது இந்தக் காரம் குறையும். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தது அழகுக்கு மட்டும் என்று நினைத்திருந்தோம்.

பொருள்களில் எதைக் காப்பது என்பதற்கு நுண்துளைதான் அளவுகோல். கண்ணாடி, பித்தளை, ஆத்தங்குடிக் கல், தேக்குச் சாமான் தப்பும். இலவம்பஞ்சு மெத்தை, பாய், ப்ளைவுட், நனைந்த ஜிப்சம் பலகை தப்பாது. ஜிப்சம் பலகையின் இருபுறமும் காகிதம் ஒட்டியிருக்கும். ஈரம் பட்டால் பூஞ்சணத்துக்கு அது விருந்து. கத்ரீனா புயலில் மூழ்கிய நியூ ஆர்லியன்ஸில் 2005 அக்டோபரில் 112 வீடுகளைச் சோதித்தார்கள். 51 வீடுகளில் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தது; 19 வீடுகளில் மிகக் கடுமையாகப் படர்ந்திருந்தது. பழைய வளவு வீட்டை ‘நவீன’மாக்க ஜிப்சத்தில் ஃபால்ஸ் சீலிங் அடிப்பவர்கள், ஒழுகும் கூரைக்குக் கீழே காகிதம் கட்டித் தொங்கவிடுகிறோம் என்பதை அறிந்து செய்வது நல்லது.

உடம்புக்கு என்ன செய்யும் என்ற கேள்வியில் பயமும் அலட்சியமும் சரிபாதியாக உலவுகின்றன. ஈரமான வீடு இருமல், மூச்சிரைப்பு, மூக்கு-தொண்டை உபாதை, ஆஸ்துமா மோசமாவது ஆகியவற்றோடு தொடர்புடையது என்பதை அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அமைப்பின் 2004 அறிக்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதலும் உறுதி செய்கின்றன. ‘நச்சுக் கறுப்புப் பூஞ்சணம்’ என்று பேர்வாங்கிய ஸ்டாக்கிபோட்ரிஸ் வேறு விவகாரம். 1837-இல் கோர்டா என்பவர் பிராக் நகர வீடொன்றின் சுவர்த்தாளில் எடுத்து விவரித்த பூஞ்சை அது. கிளீவ்லாந்தில் 1993-94-இல் கைக்குழந்தைகளுக்கு ஏற்பட்ட நுரையீரல் ரத்தக்கசிவுக்கு அதுதான் காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது. 2000-இல் மறுஆய்வு செய்த அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், தொடர்பு நிறுவப்படவில்லை என்று அறிவித்தது. 2021-இல் கொரோனாவோடு சேர்ந்து நம்மைக் கலங்கடித்த ‘கருப்புப் பூஞ்சை’ நோய்க்கும் சுவரின் கறுப்புக்கும் உறவில்லை. அது மியூகர் வகைப் பூஞ்சைகளால் வருவது. கறுப்பு என்ற பெயர் இறந்துபோகும் திசுவின் நிறத்தால் ஒட்டிக்கொண்டது. சுவரில் இருப்பது எந்த இனம் என்று கண்டறிய ஆய்வகத்துக்குப் பணம் கட்டுவதும் பெரும்பாலும் வீண். எந்த இனமானாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றே. ஆஸ்துமாக்காரர்களும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் அந்த வேலை முடியும்வரை வீட்டுக்குள் வராமலிருப்பதே உத்தமம்.

எல்லாம் செய்து முடித்த பிறகும் முதல் ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து தை பிறக்கும்போது சுவரில் வெள்ளையாக உப்பு பூக்கும். வேலை கெட்டுவிட்டதென்று பதற வேண்டாம்; சுவர் உலர்ந்துகொண்டிருக்கிறது, உள்ளே தேங்கிய உப்பு வெளியேறுகிறது. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே விழுந்ததை அள்ளி வெளியே கொட்ட வேண்டும். ஒன்றிரண்டு வருஷம் இது நடக்கலாம். அதுவரை பீரோவைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி வைத்து, மழை விட்ட காய்ந்த நாளில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, வெறும் சுண்ணாம்பு வெள்ளையோடு இருக்கலாம். பெயின்ட் நிறத்தைத் தேர்வு செய்வது அதற்குப் பிறகு.